பனியின் மேல் தூவிய மணல்

"எங்க அம்மாகிட்ட எதையும் கேட்டுடாதே," என்றான் எஸ்கில்.

"ஏன், கொடுக்க மாட்டாங்களா?"

"கொடுத்துடுவாங்க. அதனாலதான் சொல்றேன்."

எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில், கடலோரத்துப் பீத்தியோவிலிருந்து அவனுடைய ஊரான மீர்சேலேவுக்கு காரில் போய்க்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்போ இந்த கார் மட்டும் எப்படிக் கிடைச்சுது? அவங்க வாங்கித் தந்ததுன்னு சொன்னியே."

"நான் கேட்கலை. பழைய கார் தினமும் காலையில ஸ்டார்ட் ஆகாம இருமும். அவங்க ஜன்னல் வழியா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாள் சாவி என் காபி கோப்பைக்குப் பக்கத்துல இருந்துச்சு. அவ்வளவுதான்."

"நன்றி சொன்னியா?"

"கார் நல்லா ஓடுதுன்னு சொன்னேன்."

மீர்சேலேவில் வாழ்ந்து பார்த்த பிறகுதான் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. அந்த ஊரில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் எதிராளியால் மறுக்க முடியாது. அதனால் கேட்பது ஏறக்குறைய பிடுங்கிக்கொள்வது மாதிரி. தேவை இருந்தால் அது கண்ணில் படும்படி விட்டுவிட வேண்டும். விறகுக் கொட்டகை காலியாக இருந்தால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பார்ப்பவர் பார்ப்பார், செய்ய நினைத்தால் செய்வார். செய்யாவிட்டால் இருவருக்குமே சங்கடம் இல்லை. பதில்கூட அங்கே சத்தமாக வராது. ஆமாம் என்று சொல்வதற்குப் பதில் மூச்சை ஒரு முறை வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள். முதல் மாதம் முழுவதும் என் மாமியாருக்கு ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெர்டா, என் மாமியார், உயரமானவர். ஒரே முற்றத்தில் இரண்டு வீடுகள். பெரிய வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, முற்றத்தின் மறு ஓரத்தில் ரொட்டி சுடுவதற்காகக் கட்டியிருந்த சின்ன வீட்டுக்கு அவர் குடிபோய்விட்டார். அதையும் நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று பெரிய வீட்டின் அலமாரிகள் காலியாக இருந்தன. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் அவருடைய உருளைக்கிழங்குப் பாத்தி.

அந்தப் பாத்திக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. மீர்சேலேவில் கோடை குறுகியது. ஏப்ரல் முடியும்போதும் இடுப்பளவு பனி கிடக்கும். அது தானாகக் கரையட்டும் என்று விட்டால் கிழங்கு நடுவதற்குள் பாதிக் கோடை போய்விடும். அதனால் பனியின் மேல் கறுப்பாக எதையாவது தூவுவார்கள். கறுப்பு வெயிலை இழுக்கும், பனி சீக்கிரம் இறங்கும். ஒரு காலத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். சாம்பல் காற்றில் பறந்துவிடும். பிறகு ஊருக்குப் பின்னால் சுரங்கம் வந்தது. கல்லை அரைத்து ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிரித்தபின் மிஞ்சிய மணலை ஏரிக்கரையில் மலையாகக் கொட்டினார்கள். மாவு போல மெல்லியது, நல்ல கனம், கரிய நிறம். காற்றுக்கு அசையாது. இதைவிடப் பொருத்தமாக ஒன்றைக் கடவுளே செய்து தந்திருக்க முடியாது என்று ஊர் நினைத்தது. பனி இறுகியிருக்கும் மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் எல்லோரும் சறுக்கு வண்டிகளோடு போய் அள்ளி வருவார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அது நிற்கவில்லை. வழுக்கும் படிக்கட்டில் போட, நிலவறையில் காரட்டைப் புதைத்து வைக்க, எல்லாவற்றுக்கும் அதே மணல்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ரூபன் இருந்தார். சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் கிழங்கு யாருடையது என்பதில் அவருக்கும் கெர்டாவுக்கும் வருடா வருடம் போட்டி.

"கெர்டா, உன் கிழங்கு முளைச்சிருச்சா? இல்ல கடையில வாங்கி உள்ள புதைச்சு வச்சிருக்கியா?"

"நீ உன் கோலிகுண்டு அளவுக் கிழங்கை எண்ணிக்கிட்டு இரு ரூபன். நான் இங்க வெண்ணெய் தடவித் தின்னுக்கிட்டு இருப்பேன்."

"வெண்ணெயும் கடையிலதானே?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா மாட்டுக்கும் பால் வத்திப் போகுது. வேற எங்க வாங்க?"

எங்கள் மகள் தோவா நடக்கக் கற்றதும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டாள். கெர்டா அவளுக்கென்று ஒரு சின்னத் தகர வாளி வாங்கித் தந்தார். வசந்தம் தோறும் பாட்டியும் பேத்தியும் பனிக்காலணி மாட்டிக்கொண்டு பாத்தியின் மேல் ஏறி, கோழிக்குத் தீனி போடுவதுபோல மணல் வீசுவார்கள். தோவாவின் கை, முகம், மூக்கு எல்லாம் கறுப்பாக இருக்கும். நான் ஜன்னலிலிருந்து படம் எடுத்துப் பீத்தியோவில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்புவேன். கெர்டா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

தோவாவுக்கு நான்கு வயதானபோது மாகாண நிர்வாகத்திலிருந்து பெர்னிலா என்ற பெண் மண் மாதிரி எடுக்க வந்தாள். மூடிய சுரங்கங்களைச் சுற்றியுள்ள மண்ணைச் சோதிப்பது அவளுடைய வேலை. மணல் மலையிலிருந்து காற்று தூசியைக் கிளப்பிக் கிழக்கே கொண்டுபோகும், காடும் பெர்ரிச் செடிகளும்தான் கெட்டிருக்கும் என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். இலையுதிர் காலத்தில் முடிவுகளோடு திரும்பி வந்து, எங்கள் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தாள்.

"பாருங்க, காடு பரவாயில்லை. கெட்டுப்போனது ஊருக்குள்ள. அதுவும் சதுரம் சதுரமா." சிவப்பு வண்ணம் பூசிய கட்டங்களை விரலால் தொட்டாள். "காத்து இப்படிச் சதுரமா அடிக்காதே. இந்த இடத்துல எல்லாம் என்ன இருக்கு?"

எஸ்கில் குனிந்து பார்த்தான். "இது ரூபனோட கிழங்குப் பாத்தி. இது பாதிரியார் வீட்டுது. இது எங்களுது."

"பாத்தியில ஏதாவது போடுவீங்களா?"

கெர்டா அடுப்பருகில் நின்று காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். "மணல் போடுவோம். பனி கரைய."

"எந்த மணல்?"

பெர்னிலா ஜன்னல் வழியாக, ஏரிக்கு அப்பால் தெரிந்த மணல் மலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை வருஷமா?"

"எல்லா வருஷமும்தான்," என்றார் கெர்டா.

குளிர் ஊர்களின் மண்ணைப் பற்றி பெர்னிலா அன்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இங்க மண்ணுல எதுவும் அவசரப்பட்டுக் கீழே இறங்காது. பாதி வருஷம் உறைஞ்சு கிடக்கு. மீதி நாள்லயும் இலை தழை சரியா மக்கிறதில்லை. மணல்ல மிஞ்சின ஈயம் அந்த மக்காத கறுப்பு மண்ணைப் பிடிச்சுக்கிட்டு மேலயே உட்கார்ந்திருக்கும். போட்டது போட்ட இடத்துல இருக்கு." கிழங்கைத் தோல் சீவிக் கழுவினால் பாதி ஆபத்து போய்விடும் என்றாள். ஆபத்து கையிலும் காலணியிலும் நகத்திலும் இருக்கிறது. குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு.

ஊரில் இருந்த குழந்தைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தோவாவுக்குத்தான் ஈயம் அதிகம். மருந்து எதுவும் வேண்டாம் என்றார் டாக்டர். மண்ணிலிருந்து விலக்கி வையுங்கள், கையை அடிக்கடி கழுவுங்கள், தானாகக் குறையும் என்றார். குறையாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். படிப்பு வராமல் போகலாம், கவனம் நிற்காமல் போகலாம், இப்போதே சொல்ல முடியாது என்றார். அவர் சொன்ன விதம் நிதானமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் தோவா பின் இருக்கையில் பாடிக்கொண்டே வந்தாள். நான் அவளுடைய நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கோடையில் அரசாங்கம் மண்ணை மாற்ற ஆள் அனுப்பியது. முற்றத்தின் மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வழித்தெடுத்து, அதற்குப் பதில் கடலோரத்திலிருந்து சுத்தமான மண் கொண்டுவந்து கொட்டுவார்கள். செலவு அரசாங்கத்துடையது. நிபந்தனை ஒன்றுதான், வீட்டுக்குச் சொந்தக்காரர் தன் வாயால் வரச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க வரிசையாக வரச் சொன்னார்கள். ரூபன் முதல் வாரமே சொல்லிவிட்டார். எங்கள் முற்றம் கெர்டாவின் பெயரில் இருந்தது. கெர்டா சொல்லவில்லை.

மறுக்கவும் இல்லை. மணல் தூவுவதை நிறுத்திவிட்டார். அந்த வசந்தத்தில் பாத்தியின் மேல் பனி மே மாதம் கடைசி வரை கிடந்தது. ஆனால் மண் மாற்றுவது பற்றிய பேச்சு வந்தால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

பொக்லைன் ஓட்டியவர் ஓஸ்மோ என்ற ஃபின்லாந்துக்காரர். வாய் ஓயாதவர். எங்கள் ஊருக்கே அவர் ஒரு வேடிக்கை. காபி குடிக்க ஒவ்வொரு வீடாக நுழைவார், கெர்டா வீட்டையும் விடவில்லை. ஒரு நாள் நான் அங்கிருந்தபோது, அந்த ஊர் வழக்கப்படி காபியில் போட்ட பாலாடைக்கட்டித் துண்டைக் கரண்டியால் துரத்திக்கொண்டே கேட்டார்:

"கெர்டா, ஊர்ல எல்லா அம்மணிகளும் என்னைக் கூப்பிட்டாச்சு. நீங்க மட்டும் என்னை வேண்டாம்கிறீங்க. என் மேல என்ன கோபம்?"

"உன் மேல என்ன கோபம்? நீ பாலாடைக்கட்டியைத்தான் காலி பண்றே."

"செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் இருப்பேன். அப்புறம் தரை இறுகிடும், என் இரும்புப் பல்லு போகாது. அடுத்த வருஷம் வேற ஊர், வேற பாலாடைக்கட்டி."

"உன்னை வேண்டாம்னு யார் சொன்னது," என்றார் கெர்டா. "யாரும் என்கிட்ட எதையும் கேட்கவே இல்லையே."

ஓஸ்மோ சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெர்டாவும் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் எஸ்கிலிடம் சொன்னேன். அவன் மீன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ போய்க் கேளு. உங்க அம்மாதானே."

"கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க."

"அதுதானே வேணும்."

"உனக்குப் புரியலை வீவெக்கா. அந்த மண்ணை எடுக்கச் சொன்னா, பேத்திக்கு விஷத்தை ஊட்டினேன்னு அவங்களே எழுந்து நின்னு சொல்ற மாதிரி. ஊரே வேலியில சாய்ஞ்சு வேடிக்கை பார்க்கும். அதை நான் எப்படி அவங்க வாயால வரவழைக்கிறது? அவங்களா சொல்லட்டும்."

"சொல்லலைன்னா?"

அவன் வலையின் ஒரு முடிச்சை நெடுநேரம் பிரித்துக்கொண்டிருந்தான். எஸ்கில் கோழை இல்லை. ஏரியின் மேல் உடையும் பனியில் விழுந்த நாயை இறங்கித் தூக்கி வந்தவன். அம்மாவை நோகடிக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. அந்தக் குணத்துக்காகத்தான் நான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்பதால், அதைக் குறையாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கேட்க நினைத்து நானும் பல முறை முற்றத்தைக் கடந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது பேசிவிட்டுத் திரும்பினேன். ஒரு முறை வானிலை. ஒரு முறை ஈஸ்ட். பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டினோம். தோவாவை அந்தப் பக்கம் விடவில்லை. பாட்டி வீட்டுக்குப் போனால் திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்திக் கையைக் கழுவிவிட்டேன்.

செப்டம்பர் நடுவில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குறையவில்லை. டாக்டர் பெர்னிலாவிடம் பேசினார், பெர்னிலா நேரில் வந்து பார்த்தாள். பாத்தி மட்டும் இல்லை. படிக்கட்டில் போட்ட மணல், நடைபாதையில் போட்ட மணல், நிலவறையிலிருந்து காரட்டோடு சமையலறைக்கு வந்த மணல். முற்றம் முழுவதிலும் இருந்தது. "கயிறு கட்டிப் பிரயோஜனம் இல்லை," என்றாள். "முழுசா எடுக்கணும். இல்லேன்னா குழந்தை இங்க இருக்கக் கூடாது."

பீத்தியோவில் என் அக்கா வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டது. அக்கா வீட்டு மாடி காலியாக இருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டேன். எஸ்கிலிடம் சொன்னபோது அவன் சண்டை போடவில்லை. மர ஆலை வேலையை விட்டுவிட்டு உடனே வர முடியாது, வார இறுதிகளில் வருகிறேன் என்றான்.

"எத்தனை வார இறுதி?" என்று கேட்டேன்.

அவன் தோவாவின் குளிர்காலக் காலணிகளைத் துடைத்துப் பெட்டியருகே வைத்தான். அந்தச் சின்னக் காலணிகளின் அடிப்பள்ளங்களில் இருந்த மண்ணை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்திருந்தான். அதைப் பார்த்தபோதுதான், இந்த வீடு இரண்டாகப் போகிறது என்பதும் அதை இருவருமே விரும்பவில்லை என்பதும் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தோம். வியாழக்கிழமை மதியம், விஷயத்தைச் சொல்லிவிடுவோம் என்று கெர்டாவின் வீட்டுக்குப் போனேன். அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலத்துக்கு வேண்டிய மெல்லிய ரொட்டிகள், பெரிய வட்டங்களாக. அடுப்பின் சூட்டில் ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. அவர் மேஜையின் ஒரு பக்கத்தில் மாவைத் தூவி இடம் செய்தார். நான் மாவு தேய்க்கும் கட்டை ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

வெளியே ஓஸ்மோவின் குரல் கேட்டது. தெரு வரிசைப்படி கடைசியாக வந்த ரூபனின் முற்றத்தில் கடைசி லாரி மண்ணைப் பரப்பி முடித்துவிட்டு, பொக்லைனை டிரெய்லரில் ஏற்றுவதற்காகச் சங்கிலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகக் காலையில் குட்டைகளின் மேல் கண்ணாடி மாதிரிப் பனி படர்ந்திருந்தது.

"நாளைக்குப் போறீங்களாமே," என்றார் கெர்டா. "ரூபன் சொன்னான்."

"நான் சொல்லத்தான் வந்தேன்."

"ரூபன் முந்திக்கிட்டான். கிழங்குலதான் முடியலை, இதுலயாவது ஜெயிக்கட்டும்."

ரொட்டியை நீண்ட பலகையில் சுருட்டி எடுத்து அடுப்புக்குள் விரித்தார். அது உடனே கொப்புளித்தது.

"எஸ்கில்?"

"வார இறுதியில மட்டும் அங்க வருவான்."

மூச்சை உள்ளே இழுத்தார். ஆனால் அது ஆமாம் மாதிரி இல்லை.

"பெர்னிலா முற்றத்துல சுத்திச் சுத்தி வந்தா. என்ன சொன்னாள்னு என்கிட்ட யாரும் சொல்லலை," என்றார். "நானும் கேட்கலை."

"முற்றம் முழுக்க இருக்குன்னு சொன்னா."

"அப்படித்தான் இருக்கும். நான்தானே போட்டேன்." அடுத்த உருண்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எனக்கும் ஜன்னல் இருக்கு வீவெக்கா. தோவா என் வீட்டுல இருந்து வந்ததும் அவ கையை நீ கழுவுறதைத் தினமும் பார்க்கிறேன். நல்லாத்தான் கழுவுற. விரலுக்கு நடுவுல எல்லாம்."

"கெர்டா, நான் உங்களை..."

"தப்புன்னு சொல்லலை. கழுவத்தான் வேணும். நீ வாயைத் திறந்து திட்டுவேன்னு இந்தக் கோடை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எஸ்கில் திட்டலை. ரூபன் என்னைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்கிறான், ஏதோ அவன் அதே மணலை அள்ளாத மாதிரி. எல்லாரும் ரொம்ப மரியாதையா இருக்கீங்க."

வெளியே சங்கிலி இரும்பின் மேல் விழுந்தது. ஓஸ்மோ யாருக்கோ ஃபின்லாந்து மொழியில் ஏதோ கத்தினார். பொக்லைன் உறுமிக் கிளம்பியது. ஜன்னலின் ஈரத்தைக் கையால் துடைத்துப் பார்த்தேன். அது ரூபனின் வாசலிலிருந்து சாலையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

நான் கட்டையைக் கீழே வைத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

கெர்டா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "கேட்டா நான் இல்லைன்னு சொல்ல முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"முற்றத்துச் செடி எல்லாம் போயிடும். பெர்ரிப் புதர், ருபார்ப் தண்டுச் செடி, எல்லாம். ஊரே வேலிகிட்ட வந்து நிக்கும்."

"நானும் உங்க பக்கத்துல நிக்கிறேன்."

அவர் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். மாவு ஒட்டிய கைகளை மேலங்கியில் துடைத்தார். ஒரு முறை அல்ல, பல முறை. பிறகு திரும்பி என்னை நேராகப் பார்த்து, நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் எனக்கு உதவி செய்யும் எண்ணமும் இல்லை. அது என் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று நின்றார்.

"கெர்டா," என்றேன், "தோவா இங்கேயே வளரணும். வெளியே போய், அந்த மண்ணை எடுக்கச் சொல்லி ஓஸ்மோகிட்டச் சொல்லுங்க."